பகலில் விற்ற டென்டுக்கு ராத்திரியில்தான் பரீட்சை: மலையில் கிளாம்பிங் நடத்துபவர்களுக்கு

கிளாம்பிங் என்பது கட்டில், மெத்தை, டாய்லெட் வசதியோடு டென்டில் தங்குவது. அப்படி ஒரு டென்டைத் தேடி வருபவர் அதை முதலில் பார்த்தது போட்டோவில். வெள்ளைக் கேன்வாஸ், மஞ்சள் விளக்கு, பின்னால் பள்ளத்தாக்கு. போட்டோ எடுத்தது பிப்ரவரி மாதத்து மத்தியானம். அவர் வந்து இறங்குவதோ ஜூலையில், சாயங்காலம் ஐந்தரைக்கு, மேகம் கீழே இறங்கிய பிறகு. அதிலிருந்து மறுநாள் காலை எட்டு மணி வரைக்கும் அவருக்கு அந்தத் துணிச்சுவர்தான் உலகம். இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி வரும் குறைகளைப் பிரித்துப் பாருங்கள்: மெத்தை ஜில்லென்று இருந்தது, நடுராத்திரி முகத்தில் சொட்டியது, வெந்நீர் பாதியில் நின்றது, பக்கத்து டென்டில் விடிய விடியப் பாட்டு. வியூ சரியில்லை என்று குறைப்படுபவர் குறைவு. நாம் காசு கொட்டுவது வியூவுக்கும் முகப்புக்கும். கெஸ்ட் கணக்குப் பார்ப்பது சாயங்காலம் ஆறிலிருந்து காலை எட்டு வரை.

இந்தக் குறிப்பு அந்த மணி நேரங்களைப் பற்றியது. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, பெருமாள்மலை என்று கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழனி மலைப் பக்கத்தை மனதில் வைத்து எழுதியது. நீலகிரியில் மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

அதற்கு முன்னால் அனுமதி. கொடைக்கானலில் அனுமதியில்லாத டென்ட்களை அதிகாரிகள் அகற்றுவது புதிதல்ல. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் டென்டில் தங்க வந்த பெண்ணை யானை கொன்றது. அதே மாதம் மசினகுடியில், தங்கும் விடுதி ஒன்றில் நெருப்பு எறியப்பட்டுத் தீக்காயம்பட்ட யானை செத்தது. அதற்கப்புறம் மலையில் டென்ட் என்றாலே பார்வை வேறு. உள்ளாட்சி, வருவாய்த்துறை, வனத்துறை, தீயணைப்பு, சமையலறைக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்புப் பதிவு, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம். இவை இல்லாமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள். குடும்பத்தோடு வந்தவரை ராத்திரி ஒன்பது மணிக்குப் பெட்டியோடு வெளியே நிற்க வைத்தால், பிறகு எந்த மெத்தையும் அதை ஈடுகட்டாது.

டென்ட் நிற்கும் இடம்

எல்லாரும் பள்ளத்தின் அடியில், ஓடைப் பக்கத்துப் புல்வெளியில் டென்ட் போடவே ஆசைப்படுகிறார்கள். படத்துக்கு அழகுதான். ஆனால் குளிர்ந்த காற்று கனம். ராத்திரியில் அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் மாதிரி தாழ்வான இடங்களில் உறைபனி படர்ந்து கிடக்க, கொஞ்சம் மேலே இருக்கும் வீட்டு முற்றத்தில் ஒன்றும் இருக்காதே, அதற்குக் காரணம் இதுதான். டென்டுக்குச் சரிவின் நடுப்பகுதி நல்லது. உச்சியில் காற்று பிய்த்துவிடும், அடியில் குளிர் தேங்கும்.

மரத்தடி வேண்டாம். மழை விட்ட பிறகும் ஒரு மணி நேரம் மரம் சொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே படுத்திருப்பவருக்கு மழை ஓயவே இல்லை என்று தோன்றும். சீகை (வாட்டில்) மரத்துக்கு வேர் ஆழமில்லை, ஈர மண்ணில் பலத்த காற்றுக்குச் சாயும். யூகலிப்டஸ் முன்னறிவிப்பில்லாமல் கிளையைப் போடும். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி டென்ட் அமைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரையிலேயே விரிக்காமல் மேடை கட்டுங்கள். பள்ளப் பக்கம் எவ்வளவு வந்தாலும், மேட்டுப் பக்கம் மண்ணிலிருந்து 45 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். மேடைக்கு மேட்டுப் பக்கத்தில் ஓரடி ஆழத்துக்கு வெட்டுவாய்க்கால் எடுத்து, இரண்டு பக்கமும் வளைத்துக் கீழே விடுங்கள். வாட்டம் 50 அடிக்கு ஓரடி போதும். வாய்க்காலில் இலை அடைத்தால் அது வாய்க்கால் இல்லை, தொட்டி. மழைக் காலத்தில் தினமும் காலையில் ஒருவர் மண்வெட்டியோடு ஒரு சுற்று வர வேண்டும்.

மேடைப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்), 18 மில்லிமீட்டர். சாதாரணக் கமர்ஷியல் பிளை இரண்டு மழைக்குள் பிரிந்து வீங்கும். பிளைக்கு மேல் 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் ஷீட், அதற்கு மேல் இன்னொரு மெல்லிய பிளை, அதற்கும் மேல் கார்ப்பெட். தெர்மோகோலை விட்டுவிட்டால் மேடைக்கு அடியில் புகும் காற்று பாதத்தில் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து காலைக் கீழே வைக்கும் முதல் நொடியிலேயே கெஸ்ட் அந்த இடத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இழுகயிறில் பலர் ஏமாறுவார்கள். பருத்தி, சணல் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், துணி கிழியும் அளவுக்கு இழுக்கும். நைலான் கயிறு நனைந்தால் தளரும், டென்ட் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடிக்கும். பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். அதில் இந்த இரண்டு தொல்லையும் கிட்டத்தட்ட இல்லை. ஊதல் காற்று இல்லாத நாளிலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொரு கயிறையும் கையால் தட்டிப் பார்க்க ஆள் வேண்டும். மண்ணில் அடிக்கும் முளைக்கம்பி ஒன்றரை அடியாவது இருக்கட்டும், தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். மேடை இருந்தால் கண் போல்ட்டை (தலையில் வளையமுள்ள போல்ட்) மேடைச் சட்டத்திலேயே முறுக்கிவிடலாம், அது இன்னும் நல்லது. கயிறில் வெள்ளை அல்லது ஒளிரும் டேப் சுற்றுங்கள். இருட்டில் தடுக்கி விழுந்தவருக்கு வியூ நினைவிருக்காது.

சொட்டுவது மழையா, மூச்சா?

ராத்திரி மூன்று மணிக்கு ஒருவர் போன் செய்து “டென்ட் ஒழுகுது” என்கிறார். வெளியே மழையே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு பேர் ஒரு இரவு மூடிய டென்டில் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் சேர்ந்து அரை லிட்டர் தண்ணீராவது காற்றில் கலக்கும். வெளியே எட்டு டிகிரி, உள்ளே பதினாறு. அந்த ஈரம் குளிர்ந்த கூரைத் துணியில் பட்டு முத்து முத்தாகக் கோத்து, கனம் தாங்காமல் விழும். குளிருக்குப் பயந்து கெஸ்ட் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடியிருப்பார். அதனால்தான் அதிகம் சொட்டும்.

ஒழுகலா, கோத்த ஈரமா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கோத்த ஈரம் கூரை முழுக்கச் சீராக இருக்கும், தடவினால் உள்ளங்கை முழுவதும் நனையும். ஒழுகல் ஒரு தையலை ஒட்டியோ, ஒரு கம்பு துணியைத் தொடும் இடத்திலோ கோடாக இறங்கும். சந்தேகம் தீர, வெயில் நாளில் ஒருவர் சாக்பீஸோடு உள்ளே நிற்க, இன்னொருவர் ஓஸ் பைப்பால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு தையலிலும் இரண்டு நிமிடம் தண்ணீர் விட வேண்டும். உள்ளே ஈரம் தெரியும் இடத்தில் சாக்பீஸால் வட்டம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எங்கே புகுந்தது என்றே தெரியாமல் எல்லா இடத்திலும் வழியும். காய்ந்த பிறகு அந்த வட்டங்களில் மட்டும் சீம் சீலர் (தையலை அடைக்கும் பசை) தடவினால் போதும்.

புதுப் பருத்திக் கேன்வாஸ் முதல் மழையில் தையல் ஓட்டை வழியாகக் கசியும். அது குறையில்லை. கெஸ்ட் வருவதற்கு முன்பே டென்டை நிறுத்தி, முழுக்க நனைத்து, முழுக்கக் காயவிடுங்கள். இப்படி மூன்று முறை. நூல் ஊதித் தையல் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இந்த மூன்று நாளை மிச்சம் பிடிக்க நினைத்து நேரே சீசனுக்குள் இறங்குபவர்கள், முதல் மாதத்தைப் பிளாஸ்டிக் பக்கெட்டோடு கழிக்கிறார்கள். அழுக்கு என்று சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கவும் கூடாது, நீர் புகாப் பூச்சு அதோடு போய்விடும். காய்ந்த பிரஷ், பிறகு வெறும் தண்ணீர்.

மூச்சு ஈரத்துக்கு மருந்து காற்றோட்டம்தான். மெயின் கேன்வாஸுக்கு மேல் தனி மழைத்துணி ஒன்று வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கூரை உச்சியிலும், எதிர்ச்சுவரில் முழங்கால் உயரத்திலும் வலை வைத்த துவாரம். உச்சித் துவாரத்தை உள்ளிருந்து மூட முடியாதபடியே அமைத்துவிடுங்கள். மூட முடிந்தால் மூடுவார்கள். கட்டில் சுவரிலிருந்து ஓரடி தள்ளியிருக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்டால் போர்வை ஈரத்துணியில் உரசி விடிவதற்குள் பாதி நனைந்திருக்கும். துணி காயப்போட டென்டுக்கு வெளியே கூரை போட்ட கொடி ஒன்று கட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஜீன்ஸும் துண்டும் உள்ளேயேதான் தொங்கும்.

கேஸ் ஹீட்டரை உள்ளே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வரும். அதாவது ஈரத்தைப் போக்க ஈரத்தை ஊற்றுகிறீர்கள். அதைவிட முக்கியம், கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பார்பெக்யூ அடுப்புக் கரியைக் குளிருக்காக உள்ளே எடுத்து வைத்துத் தூங்கியவர்கள் இறந்த சம்பவம் கொடைக்கானலிலேயே நடந்திருக்கிறது. நெருப்பு அணைந்த மாதிரி இருக்கும் கரிதான் ஆபத்து, அது மணிக்கணக்கில் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். பார்பெக்யூ முடிந்ததும் அடுப்பை உங்கள் ஆளே தூக்கிக்கொண்டு வர வேண்டும், “அப்புறம் எடுத்துக்கறோம்” என்பதற்கெல்லாம் இடமில்லை. கொசுவர்த்திச் சுருள், மெழுகுவர்த்தி இரண்டுக்கும் இதே தடை. இரண்டு டென்டுக்கு ஒரு தீயணைப்பான், ஒவ்வொரு டென்டுக்கும் இரண்டு வாசல்.

மெத்தை, போர்வை

குளிர் மேலிருந்து வருவதாக நினைத்து ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை) மேல் ரஜாயாக அடுக்குகிறோம். வருவது கீழிருந்து. காற்றடைத்த மெத்தையில் படுத்தவர் மூன்று ரஜாய் போர்த்தினாலும் நடுங்குவார், உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றின் சூட்டுக்கே இறங்கிவிடும். தேங்காய்நார் அல்லது ஃபோம் மெத்தை, அடியில் கம்பளி விரிப்பு, மெத்தைக்கு மேல் இன்னொரு மெல்லிய கம்பளி, அதன் மேல்தான் பெட்ஷீட். போர்த்திக்கொள்ள ஆளுக்கு ஒரு ரஜாய், ஒரு கம்பளி. இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு பெரிய ரஜாய் கொடுத்தால் நடுவில் காற்றுப் புகும், விடிவதற்குள் சண்டையும் வரும்.

நேரம்தான் இங்கே எல்லாம். காலை ஒன்பதுக்குக் கெஸ்ட் கிளம்பியதும் நான்கு பக்கமும் துணியைச் சுருட்டிக் கட்டுங்கள். மெத்தையைக் கட்டிலில் சாய்த்து நிறுத்துங்கள். கொடைக்கானலில் மேகம் இறங்குவது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான், அதற்குள், இரண்டரை மணிக்கெல்லாம், டென்டை மூடிவிட வேண்டும். மூன்றரைக்கு மூடினால் மேகத்தையும் சேர்த்துத்தான் உள்ளே பூட்டுகிறீர்கள். படுக்கையைக் காலையிலேயே விரித்து அலங்காரம் செய்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பஞ்சு ஈரத்தை உறிஞ்சும். அலங்காரப் படுக்கையைப் பார்த்துப் பூரித்தவர், உள்ளே நுழைந்ததும் ஈரக் கோணிக்குள் புகுந்த மாதிரி உணர்வார். போர்வைகளைச் சமையலறைப் பக்கத்துச் சூடான அறையில் அலமாரியில் வைத்திருந்து, செக்-இன் நேரத்தில் கொண்டுவந்து போடுங்கள்.

வெந்நீர்ப் பை ஒன்று இருநூறு முந்நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அது தரும் பெயரை லட்ச ரூபாய் முகப்பு தராது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், கொதிநிலையில் வேண்டாம், கை வைத்துத் தாங்க முடியாத சூடு போதும். மீதிக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, துணி உறை போட்டு, கெஸ்ட் சாப்பிட உட்கார்ந்திருக்கும் எட்டரை மணிக்குக் கட்டிலின் கால்மாட்டில் ரஜாய்க்கு அடியில் வைத்துவிட வேண்டும். கையில் கொடுத்து “வச்சுக்கங்க சார்” என்றால் பாதிப் பலன்தான். படுக்கும்போது கால் தானாகப் போய் அதில் பட வேண்டும். பையின் மூடி வாஷரைப் பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள், கசிந்தால் நனைவது மெத்தை.

காலை ஏழரை மணி வெந்நீர்

இங்கே கணக்குப் போட்டே ஆக வேண்டும். குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட். அதை 55 டிகிரிக்குக் கொண்டுவர 23 நிமிடம். 40 டிகிரியில் இருபது லிட்டர் பக்கெட் ஒன்று நிரம்ப 13 லிட்டர் வெந்நீர் வேண்டும். அதாவது ஒரு கீசருக்கு ஒரு பக்கெட், ஒரு ஆள். அடுத்தவர் இன்னும் 23 நிமிடம் நிற்க வேண்டும். நான்கு பேர் தங்கும் டென்டில் நாலாவது ஆள் குளிக்க ஒன்றரை மணி நேரம். ஷவர் வைத்திருந்தால் இன்னும் மோசம், நிமிடத்துக்கு எட்டு லிட்டர் போனால் மூன்று நிமிடத்துக்குள் ஐஸ் தண்ணீர்.

ஆறு டென்டில் ஆறு கீசரும் ஒன்றாக ஓடினால் 12 கிலோவாட். சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் அது நடக்காது. மெயின் விழும், அல்லது வோல்டேஜ் படுத்து 23 நிமிடம் 40 நிமிடமாகும். அதனால்தான் மலையில் பழைய ஆட்கள் இன்றும் விறகு பாய்லரை விடுவதில்லை. நூறு லிட்டர் பாய்லரை ஐந்தரை மணிக்குப் பற்ற வைத்து, ஆறரையிலிருந்து பக்கெட்டில் டென்ட் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, கெஸ்ட் குழாயைத் திறந்து காத்திருப்பதைவிட நல்ல அனுபவம். சோலார் ஹீட்டர் மார்ச்சில் அருமை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூடுபனியில் அதை நம்பாதீர்கள். நீலகிரியின் மேற்குப் பக்கம், அவலாஞ்சி, கூடலூர் போன்ற இடங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதே கதை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் டென்டை மூடி வைப்பதே மரியாதை.

பொதுவான பாய்லரிலிருந்து குழாய் இழுத்திருந்தால், அரை இன்ச் குழாய் 30 மீட்டரில் நாலைந்து லிட்டர் ஆறிப்போன தண்ணீர் நிற்கும். கெஸ்ட் குழாயைத் திறந்து, ஒரு நிமிடம் பார்த்து, “வெந்நீர் வரல” என்று போன் எடுப்பது இதனால்தான். குழாய்க்கு ஃபோம் உறை மாட்டுங்கள், வெந்நீர் தாங்கும் சிபிவிசி குழாயாகப் போடுங்கள், “முதல் கால் பக்கெட் ஆறியிருக்கும், பிறகு சூடு வரும்” என்று குழாய்க்கு மேலேயே எழுதி ஒட்டுங்கள். இந்த ஒரு சீட்டு காலை நேரத்துப் போன்களைப் பாதியாக்கும். கேஸ் கீசர் வைப்பதென்றால் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மட்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு டென்டுக்கும் தனியாக 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஈர மேடை, வெறுங்கால், கீசர் மூன்றும் சேரும் இடத்தில் இதில் சிக்கனம் கூடாது.

டாய்லெட் நாற்றம் இன்னொரு புகார். வாரம் முழுக்க ஆளில்லாமல் வெள்ளிக்கிழமை திறக்கும் டென்டில் பெரும்பாலும் செப்டிக் டேங்கில் கோளாறு இருக்காது. தரைக் குழியில் நிற்க வேண்டிய இரண்டு இன்ச் தண்ணீர் காய்ந்துபோய், குழாய் வழியாக வாயு நேரே உள்ளே வந்திருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு தரைக் குழியிலும், வாஷ்பேசினிலும் ஒரு மக் தண்ணீர். ரூம் ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

சத்தமும் சாப்பாடும்

கேன்வாஸ் பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது. டென்ட்களுக்கு நடுவே பத்து மீட்டராவது விடுங்கள், வாசல்கள் எதிரெதிராக இருக்கக் கூடாது. குடும்பங்களையும் நண்பர் கூட்டத்தையும் புக்கிங்கிலேயே பிரித்து இரண்டு ஓரத்தில் போடுங்கள். கேம்ப் ஃபயர் கூட்டத்தின் பக்கம் இருக்கட்டும். ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டமே. அதைப் பத்து மணிக்குப் போய்ச் சொன்னால் தகராறு, பணம் வாங்கும்போதே சொன்னால் விதி. ஒன்பதே முக்காலுக்கு உங்கள் ஆள் போய் ஒரு சுற்று சுக்குக் காபி கொடுத்துவிட்டு “இன்னும் பத்து நிமிஷம்ணே” என்று சொல்வது போலீஸைக் கூப்பிடுவதைவிட நன்றாக வேலை செய்கிறது.

சாப்பாட்டில் ருசியைவிடச் சூடுதான் குறையாக வரும். பத்து டிகிரியில் தட்டில் விழுந்த பரோட்டா மூன்று நிமிடத்தில் அட்டை. தட்டுகளை வெந்நீரில் போட்டெடுத்துத் துடைத்துப் பரிமாறுங்கள், குழம்பு, பொரியல் ஹாட்கேஸில். 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் கொண்டைக்கடலையும் வேக நேரமாகும். கீழ்நாட்டிலிருந்து வந்த சமையல்காரர் முதல் வாரம் முழுக்க அரைவேக்காடு போடுவது இதனால்தான். குக்கர்தான் வழி. இட்லி மாவும் இந்தக் குளிரில் ஒரே இரவில் பொங்காது. மத்தியானமே வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாய்லர் அறையில் வைத்தால் காலைக்குப் புளிக்கும். அது முடியாத நாளில் கல்லு மாதிரி இட்லி கொடுக்காமல் பொங்கலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

டென்டுக்குள் தின்பண்டம் வேண்டாம். பிஸ்கட் வாசனைக்கு எலி கேன்வாஸைக் கடித்துக்கொண்டு வரும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியே வரும். கொடைக்கானலில் காட்டுமாடு டென்டைச் சுற்றி மேய்வது சாதாரணம். அதைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போவதுதான் ஆபத்து. பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்: இருட்டிய பிறகு டார்ச்சும் நம் ஆளும் இல்லாமல் நடக்க வேண்டாம், மாடு நின்றால் ஐம்பது அடி விலகி நில்லுங்கள், டென்டுக்குள்ளேயே இருந்தால் அது தன் பாட்டுக்குப் போய்விடும்.

வருவதற்கு முதல்நாள் அனுப்ப வேண்டியது

ஏமாற்றத்தின் பாதி வேர் எதிர்பார்ப்பில். முதல்நாள் காலை வாட்ஸப்பில் போக வேண்டிய செய்தி ஏறக்குறைய இப்படி:

“வணக்கம். நாளை வருகிறீர்கள். கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம், இன்றே எடுத்துவிடுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள், நாங்கள் நிரப்பித் தருகிறோம். பெட்ரோல் கொடைக்கானல் ஊருக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்திருந்தால் கார் ஏறாது, ரோட்டோரம் நிறுத்திவிட்டு எங்கள் ஜீப்பில் வரலாம். ஐந்து மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், பிறகு மூடுபனியில் வழி தெரியாது. இப்போது இரவில் 9 டிகிரி வரை இறங்குகிறது: ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் இரண்டு ஜோடி. டென்ட் 12க்கு 14 அடி, டாய்லெட் ஒட்டியே இருக்கிறது. வெந்நீர் காலை 6.30 முதல் 9 வரை. இந்த வாரம் மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கு தெரிவதில்லை, காலை 6.30 முதல் 9 வரை தெரிகிறது. பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் இல்லை. சைவம் எத்தனை பேர்?”

கடைசிக்கு முந்தைய வரிகளில் இருக்கும் பள்ளத்தாக்கு விஷயத்தை எழுத எல்லாருக்கும் கை நடுங்கும், புக்கிங் போய்விடுமோ என்று. சிலர் ரத்து செய்யத்தான் செய்வார்கள். அவர்கள் வந்திருந்தால் ஒற்றை ஸ்டார் போட்டிருப்பார்கள். வருபவர் காலையில் ஆறரைக்கு அலாரம் வைத்து எழுந்து வியூ பார்ப்பார். விளம்பரப் படங்களில் ஒன்றாவது மூடுபனியில், இன்னொன்று விளக்குப் போட்ட ராத்திரியில், மூன்றாவது டாய்லெட்டின் உள்ளே எடுத்ததாக இருக்கட்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால்

ஆறு டென்டுக்கு ஒரு காய்ந்த அறை காலியாக வைத்திருக்க வேண்டும். சிமென்ட் கட்டிடமோ, சமையலறைக்குப் பின்னால் ஒரு ஷெட்டோ, எதுவானாலும் சரி. சனிக்கிழமையில் அதையும் விற்கும் ஆசை வரும். ஒழுகிய டென்டில் பிடிவாதமாக உட்கார வைத்தால் போகும் பணம் அந்த ஒரு நாள் வாடகையைவிட அதிகம்.

முதல் பத்து நிமிடத்துக்குள் ஆள் வாசலில் நிற்க வேண்டும். கையில் டார்ச், இரண்டு காய்ந்த கம்பளி, இரண்டு துண்டு, ஒரு தார்ப்பாய், பிளாஸ்கில் டீ. போனதும் “இது ஒழுகல் இல்ல சார், மூச்சு ஈரம்” என்று பாடம் எடுக்கக் கூடாது. உண்மையாக இருந்தாலும் அந்த நேரத்தில் அது கெஸ்ட் காதில் சண்டையாகத்தான் விழும். முதலில் ஈரப் போர்வையை எடுத்துக் காய்ந்ததைப் போடுங்கள், கட்டிலை நடுவுக்கு இழுங்கள், உச்சித் துவாரம் அடைந்திருந்தால் திறங்கள், கூரையின் உட்புறத்தைத் துண்டால் துடையுங்கள். குழந்தையோ வயதானவரோ இருந்தால் கேட்காமலேயே காய்ந்த அறைக்கு மாற்றிவிடுங்கள்.

பணம் திருப்பித் தருவதைப் பற்றிக் காலையில், டிபனுக்கு முன்னால், நீங்களாகவே பேசுங்கள். கெஸ்ட் கேட்டுக் கொடுப்பது அபராதம் மாதிரி ஆகிவிடும். ஒழுகல் என்றால் அந்த இரவு வாடகை முழுக்க. வெந்நீர் வரவில்லை என்றால் கால் பங்கு. மேகம் மூடியதற்குத் தள்ளுபடி தேவையில்லை, முதல்நாளே சொல்லிவிட்டீர்களே. “ரிவ்யூ மட்டும் போடாதீங்க” என்ற பேரம் வேண்டவே வேண்டாம், அதையும் சேர்த்து எழுதுவார்கள்.

அவர் கிளம்பியதும் அந்த டென்டின் பெயரில் நோட்டில் ஒரு வரி: தேதி, மணி, மழை உண்டா இல்லையா, எந்தப் பக்கம் ஈரம், என்ன செய்தோம். இரண்டு மாதத்தில் எந்த டென்ட் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அந்த டென்டில் அடுத்த மழை ராத்திரியில் உரிமையாளரே ஒரு தடவை படுத்து எழ வேண்டும், போன் இல்லாமல், கெஸ்டுக்குக் கொடுக்கும் அதே போர்வையோடு.

சீசன் முடிந்து டென்டைப் பிரிக்கும்போது, வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் தையல் மடிப்பிலும் கயிறு வளையத்திலும் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருக்கும்போதே மடித்தால் மூன்று நாளில் கரும்புள்ளி பிடிக்கும், எதைத் தேய்த்தாலும் கறை முழுசாகப் போகாது, அந்த வாசனை அடுத்த சீசன் கெஸ்டை வாசலிலேயே வரவேற்கும். வெயில் கிடைக்காவிட்டால் ஷெட்டுக்குள் கொடி கட்டி இரண்டு நாள் தொங்கவிடுங்கள். ஜிப்பின் மண்ணை டூத் பிரஷால் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தித் துண்டால் இரண்டு பக்கமும் ஒரு இழுப்பு இழுத்து, தேய்ந்த ரன்னரை அப்போதே மாற்றி, பிறகு மடியுங்கள்.